அபர்ஃபெல்டியில் வீடு சுத்தம் செய்ய ஆள் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் மலைப்பகுதியில், டே ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் அபர்ஃபெல்டி. மக்கள்தொகை சுமார் 2,000. ஜெனரல் வேட் 1733-இல் கட்டுவித்த பாலம், 1898-இல் தொடங்கிய டூவர்ஸ் விஸ்கி ஆலை, ஒரு சதுக்கம், அதைச் சுற்றிக் கடைகள். ரயில் 1965-இல் நின்றுபோனது. பெர்த் நகரம் 30 மைல் தள்ளி இருக்கிறது. இந்த ஊருக்கு வேலைக்கு வந்து குடியேறுபவர்கள், வீட்டை வாடகைக்கு விடுபவர்கள், வாடகை வீட்டைக் காலி செய்பவர்கள் எல்லோரும் கிளீனர் விஷயத்தில் கேட்கிற கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். ஸ்காட்லாந்தின் மற்ற சிற்றூர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

இவ்வளவு சின்ன ஊரில் கிளீனர் கிடைப்பார்களா?

கிடைப்பார்கள். ஆனால் இணையத்தில் தேடினால் பெரும்பாலும் பெர்த், டண்டீ நிறுவனங்கள்தான் முதலில் வரும். அவர்கள் இவ்வளவு தூரம் வர ஒப்புக்கொண்டாலும் பயணச் செலவு உங்கள் தலையில்தான் விழும். உள்ளூரில் இந்த வேலை செய்கிறவர்கள் விளம்பரமே போடுவதில்லை. அவர்களுக்கு அதற்கு அவசியமும் இல்லை. கடை அறிவிப்புப் பலகை, ஊர் ஃபேஸ்புக் குழு, பக்கத்து வீட்டுக்காரர் என்ற வரிசையில் விசாரித்துப் பாருங்கள். தபால்காரரிடம் கேட்டால் இன்னும் நல்லது, எந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"இப்போது இடமில்லை" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அக்டோபர் கடைசியில் சுற்றுலாக் கூட்டம் குறைந்ததும் அழைப்பு வர வாய்ப்பு அதிகம்.

சனிக்கிழமை வரச் சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள்?

சனிக்கிழமை இங்கே விடுமுறை வீடுகளின் நாள். வாரக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பழைய விருந்தினர் காலை 10 மணிக்குக் கிளம்புவார், புதியவர் மாலை 4 மணிக்கு வந்து நிற்பார். இடையில் இருப்பது ஆறு மணி நேரம். அதற்குள் படுக்கைவிரிப்பு மாற்ற வேண்டும், சமையலறை, குளியலறை தேய்க்க வேண்டும், அடுப்புச் சாம்பல் அள்ள வேண்டும், நாய்முடி எடுக்க வேண்டும். மூன்று படுக்கையறை வீடு என்றால் இரண்டு பேர் சேர்ந்தாலும் அரை நாள் போய்விடும். அப்புறம் அடுத்த வீடு. கென்மோர், ஃபோர்ட்டிங்கல், கிளென் லயன் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இதே கதைதான். வெள்ளிக்கிழமையும் ஏறக்குறைய அப்படியே.

அதனால் உள்ளூர்க் குடியிருப்பாளர் கேட்க வேண்டிய நாள் செவ்வாய் அல்லது புதன். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே ஆள் கிடைப்பதில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் "வீட்டில் நான் இருக்கும்போதுதான் வர வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தால் கஷ்டம். சாவி கொடுத்துவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம்.

மணிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கீழ் எல்லையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது; ஆண்டுதோறும் ஏப்ரலில் இது மாறும். ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். அதைச் சேர்த்தால் அந்த 12.21 ஏறக்குறைய 13.70 ஆகிவிடும். அதற்கு மேல் ஓய்வூதியப் பங்கு, காப்பீடு, பொருட்கள், இரண்டு வீடுகளுக்கு இடையே ஓடும் நேரம். ஆகவே ஒரு நிறுவனம் மணிக்கு 14 பவுண்டுக்கு ஆள் அனுப்புகிறேன் என்றால் யாருடைய பங்கையோ விழுங்குகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது கிளீனருடைய பங்காகத்தான் இருக்கும்.

சொந்தமாக வேலை செய்பவருக்கு விடுப்புச் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை. அவர் அதையும் தன் மணிக்கூலியிலேயே தேடிக்கொள்ள வேண்டும். எனவே அவர் கேட்கும் தொகை குறைந்தபட்சக் கூலியைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தால் பேரம் பேசாதீர்கள்.

தூரத்தையும் மறக்கக் கூடாது. தொழில் நிமித்தம் சொந்தக் காரில் போகிறவர்களுக்கு வரித்துறை ஒப்புக்கொள்ளும் கணக்கு மைலுக்கு 45 பென்ஸ். உங்கள் வீடு ஊரிலிருந்து 10 மைல் என்றால் போகவர 9 பவுண்டு. கிளென் லயன் 30 மைலுக்கு மேல் நீளமுள்ள பள்ளத்தாக்கு. சாலை ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். அங்கே இரண்டு மணி நேர வேலைக்கு ஒருவரை வரச் சொல்வது நியாயமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் என்று பேசிக்கொண்டால் இருவருக்கும் கட்டுப்படியாகும்.

ஆண்டு விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டாத தொழிலுக்கு வாட் (மதிப்புக்கூட்டு வரி) பதிவு கட்டாயமில்லை. பெரிய நிறுவனத்தின் விலையில் 20 சதவீதம் வாட் சேர்ந்திருக்கும். இரண்டையும் ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள்.

தனி ஆளா, நிறுவனமா? எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

வாராவாரம் வருவதற்குத் தனி ஆள்தான் என் தேர்வு. வீட்டைப் பழகிக்கொள்வார், எந்த ஜன்னல் ஒட்டிக்கொள்ளும், எந்தக் குழாய் சொட்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கார்பெட் கழுவுவது, கட்டட வேலைக்குப் பிறகான சுத்தம் போன்றவற்றுக்கு இயந்திரமும் ஆள்பலமும் உள்ள நிறுவனம் சரி.

கேட்க வேண்டியது காப்பீடு. வேலைக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனம் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு முதலாளி பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பது சட்டக் கட்டாயம். உங்கள் பொருள் உடைந்தால் ஈடு தரும் பொதுப் பொறுப்புக் காப்பீடு கட்டாயமில்லை. அதனால்தான் அதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. குற்றப்பின்னணிச் சான்று வேண்டுமென்றால் டிஸ்க்ளோஷர் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பில், முன்பு அடிப்படைச் சான்று எனப்பட்ட லெவல் 1 சான்றை யாரும் தனக்காக வாங்கிக்கொள்ளலாம். இருந்தாலும் 2,000 பேர் உள்ள ஊரில் பழைய வாடிக்கையாளர் இருவரிடம் பேசினால் அதைவிட அதிகம் தெரிந்துவிடும்.

பொருட்களை யார் வாங்குவது? ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒத்துவருமா?

தனி ஆள் என்றால் பொதுவாக வீட்டுக்காரர் பொருளையே பயன்படுத்துவார். முதலில் ஒரு நல்ல சேதி: ஸ்காட்லாந்தின் பெரும்பகுதியில் தண்ணீர் மென்மையானது. லண்டனில் இருந்துவிட்டு வருகிறவர்கள் உப்புக்கறை நீக்கி பாட்டில்களை மூட்டை கட்டிக் கொண்டுவருவார்கள். இங்கே அவற்றுக்கு வேலையே இல்லை. சோப்பும் பாதி போதும். கூடுதலாகப் போட்டால் நுரை அலசி மாளாது.

ஊருக்கு வெளியே தனியார் ஊற்று, கிணறு வைத்திருக்கும் வீடுகளின் கதை வேறு. நீரில் கரிமண் சாயமோ இரும்போ இருந்தால் கழிப்பறைக் கிண்ணத்தில் பழுப்புக் கறை படியும். பிளீச் ஊற்றினால் இரும்புக்கறை போகாது, இன்னும் அழுத்தமாகவும் ஆகலாம். அதற்குச் சிட்ரிக் அமிலம்தான் சரி. ஆனால் ஒரே நாளில் இரண்டையும் போட்டுவிடக் கூடாது. பிளீச்சும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது ஆபத்து. கிளீனர் ஒன்றை ஊற்றி, அது தெரியாமல் வீட்டுக்காரர் மேலே இன்னொன்றை ஊற்றுவதுதான் நடக்கக்கூடிய விபத்து. எதைப் பயன்படுத்தினார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பண்ணை வீடுகளில் ஆகா என்ற வார்ப்பிரும்பு அடுப்பு இருக்கும். அதன் உட்புறத்தில் காரமான ஓவன் ஸ்பிரே அடிக்கக் கூடாது. சிந்தியது உள்ளேயே கருகிப் பொடியாகும், பிரஷால் தட்டி எடுத்தால் போதும்.

செப்டிக் டேங்க் இருக்கிறது. கிளீனரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் கழிவைச் சிதைப்பது பாக்டீரியா. பிளீச்சை வாளிக்கணக்கில் ஊற்றினால் அது செத்துவிடும், பிறகு நாற்றமும் அடைப்பும் வரும். ஈரத் துடைப்புத்தாளும் எண்ணெயும் உள்ளே போகக் கூடாது. "கரையும்" என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தாலும் நம்பாதீர்கள்.

சுவரில் கறுப்புப் பூஞ்சை. கிளீனர் துடைத்தால் போய்விடுமா?

துடைத்தால் போகும், அடுத்த மாதம் திரும்பி வரும். இந்த ஊரின் பழைய வீடுகள் கல் வீடுகள். இடைவெளி இல்லாத ஒரே தடித்த சுவர், குளிர்காலம் முழுக்கச் சில்லென்று இருக்கும். சமையல் ஆவி, குளியல் ஆவி, வீட்டுக்குள் காயும் துணி எல்லாம் அந்தச் சுவரில் போய்த்தான் வியர்க்கும். கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் அதன் பின்னால்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். அரிசி வேகும்போது மூடி போடுவது, காற்று வெளியேற்றும் விசிறியைப் போடுவது, சாமான்களை ஒரு சாண் தள்ளிப் போடுவது, வீட்டை ஒரேயடியாகக் குளிரவிடாமல் மிதமாகச் சூடேற்றி வைப்பது ஆகியவை துடைப்பதைவிடப் பலன் தரும்.

கூரையிலிருந்தோ தரையிலிருந்தோ ஈரம் ஏறுகிறதென்றால் அது கிளீனர் வேலையே அல்ல. வீடு அப்படிப்பட்ட ஈரம் பெருமளவில் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது ஸ்காட்லாந்துச் சட்டம் வகுத்த குறைந்தபட்சத் தகுதிகளில் ஒன்று. வாடகை வீடு என்றால் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

விஸ்கி கிடங்குகளுக்கு அருகில் குடியிருந்தால் வெளிச்சுவரிலும் மரத்திலும் கரி பூசினாற்போல ஒரு பூஞ்சை படரும். பீப்பாயிலிருந்து ஆவியாகும் சாராயத்தைத் தின்று வளர்வது அது. அழுத்தமாக நீர் பீய்ச்சிக் கழுவலாம். கிடங்கு இருக்கும்வரை மறுபடி வரும்.

விறகு அடுப்பையும் கிளீனரே பார்த்துக்கொள்வாரா?

கண்ணாடியும் சாம்பலும் அவர் வேலை. புகைபோக்கி உள்ளே துலக்குவது அதற்கென்று உள்ள தொழிலாளியின் வேலை. சாம்பல் ஆறிவிட்டது போலத் தெரியும், உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேல்கூட உயிரோடிருக்கும். அதனால் மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே கல்தரையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியிலும் வேக்குவம் கிளீனரிலும் போடவே கூடாது. கண்ணாடிக் கரிக்குப் பணம் கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். நனைத்த செய்தித்தாளை அதே சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். வாராவாரம் கண்ணாடி கறுத்துப்போகிறது என்றால் விறகு காயவில்லை.

இலையுதிர் காலத்தில் ஜன்னலெங்கும் ஈக்கள். வீடு அசுத்தமாக இருப்பதாலா?

இல்லவே இல்லை. புதிதாக வந்தவர்கள் இதற்காகக் கிளீனரைக் கோபித்துக்கொள்வது உண்டு, பாவம் அவர். இவை குப்பையில் பிறக்கும் ஈக்கள் அல்ல. மண்ணில் மண்புழுக்களின் உடலில் வளர்ந்து, குளிர் தொடங்கும்போது வீட்டுக் கூரைக்கடியில் கூட்டமாக ஒதுங்குபவை. வெயில் பட்டால் மயக்கம் தெளிந்து ஜன்னலுக்கு வரும். உணவை நாடாது, வீட்டில் முட்டையும் இடாது. வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுத்தால் போதும்.

பரணுக்குள் மருந்தடிக்க நினைத்தால் முதலில் அங்கே வௌவால் இருக்கிறதா என்று பாருங்கள். கிடக்கிற புழுக்கையை ஒரு குச்சியால் அழுத்துங்கள்: பொடியானால் வௌவால், கெட்டியாக இருந்தால் எலி. வௌவால் என்றால் கை வைக்காமல் நேச்சர்ஸ்காட் என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பை அழையுங்கள். வௌவாலைத் தொந்தரவு செய்வதும், அது வெளியே போயிருக்கும் சமயத்தில் அதன் இருப்பிடத்தைச் சேதப்படுத்துவதும்கூட இங்கே குற்றம். அந்தப் பரணைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கிளீனரை ஏற்றிவிட்டால் அவரையும் சிக்கலில் மாட்டிவிடுகிறீர்கள்.

வாடகை வீட்டைக் காலி செய்கிறேன். தொழில்முறைச் சுத்தம் செய்த ரசீது கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

பார்க்கப்படுவது வீட்டின் நிலை. நீங்கள் குடிவந்தபோது எடுத்த பட்டியலும் படங்களும் எப்படி இருந்தனவோ, இயல்பான தேய்மானம் போக, அதே அளவு சுத்தத்தில் ஒப்படைத்தால் போதும். நீங்களே தேய்த்தீர்களா, ஆள் வைத்துத் தேய்த்தீர்களா என்பது இரண்டாம்பட்சம். ஆகவே குடிவரும் நாளிலேயே ஓவன் உள்ளே, குளிர்பெட்டிக்குப் பின்னால், ஷவர் ஓரம் எல்லாம் படம் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் வாதம் பலவீனம்.

முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. உரிமையாளர் அதை 30 வேலை நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட மூன்று முன்பணப் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் கட்டியிருக்க வேண்டும். சுத்தத்துக்கென்று பிடித்தம் செய்தால் அந்தத் திட்டத்திடமே இலவசமாக முறையிடலாம். பணத்தைக் கட்டாமலே வைத்திருந்தார் என்றால் வீட்டுவசதித் தீர்ப்பாயம் முன்பணத்தின் மூன்று மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லலாம். வாடகை முடிந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பெரும்பாலான தகராறு ஓவனில்தான் ஆரம்பிக்கிறது. கையில் பணம் குறைவென்றால் அதற்கு மட்டும் ஆள் வைத்துவிட்டு மற்றதை நீங்களே பாருங்கள்.

என் வீட்டை விடுமுறைக்கு வாடகை விடப்போகிறேன். கிளீனரோடு என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

முதலில் உரிமம். குறுகிய கால வாடகைக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயம். 2025 ஜனவரி 1 முதல் பழையவர், புதியவர் எல்லோருக்கும் அது பொருந்தும். இந்த ஊருக்கு பெர்த் அண்ட் கின்ராஸ் கவுன்சில். உரிம நிபந்தனைகளில் லீஜியோனெல்லா கிருமி அபாய மதிப்பீடும் ஒன்று. குழாயில் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வளர்வது அது. வீடு ஒரு வாரத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தால் கிளீனர் வந்ததும் எல்லாக் குழாயையும் ஷவரையும் திறந்து ஓடவிட வேண்டும். இதை வேலைப்பட்டியலில் எழுதி, அதற்கான நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.

அடுத்தது துணி. யார் துவைப்பது என்று பேசாமல் ஆரம்பிக்கிறவர்கள் இரண்டாம் வாரமே சண்டை போடுகிறார்கள். மழைக்கால அபர்ஃபெல்டியில் எட்டு விரிப்பை வீட்டில் காயவைக்க முடியாது. குறைந்தது மூன்று செட் வாங்குங்கள் அல்லது சலவை நிறுவனத்திடம் கொடுங்கள். தாமதமாகக் கிளம்ப விருந்தினருக்கு அனுமதி கொடுக்கும் முன் கிளீனரைக் கேளுங்கள். உங்கள் தாராளத்துக்கு விலை கொடுப்பவர் அவர்.

அடுக்குமாடிப் பொதுப் படிக்கட்டை யார் கழுவ வேண்டும்?

சதுக்கத்தைச் சுற்றிக் கடைகளுக்கு மேலே இருக்கும் வீடுகளுக்கான கேள்வி இது. வீட்டுப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் 2004-ஆம் ஆண்டு அடுக்கு வீட்டுச் சட்டம் துணைக்கு வரும். பராமரிப்பு என்பதில் சுத்தமும் சேர்த்தி. உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் முடிவெடுத்து ஆள் வைத்தால் மற்றவரும் பங்கு கொடுக்க வேண்டும்.

வயதான பெற்றோருக்குச் சமூகப் பராமரிப்பு வருகிறது. அவர்களே வீட்டையும் துடைப்பார்களா?

ஸ்காட்லாந்தில் தேவை மதிப்பீட்டின்படி தனிநபர் பராமரிப்பு இலவசம். குளிப்பாட்டுவது, உடுத்துவது, சாப்பிட உதவுவது எல்லாம் அதில் அடங்கும். வீட்டுவேலை அடங்காது. தரை துடைக்கத் தனியாகத்தான் ஆள் வைக்க வேண்டும். ஒரே முகம் வாராவாரம் வருகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். மலைப்பக்கம் தனியாக இருக்கும் முதியவரிடம் ஏதாவது மாற்றம் தெரிந்தால் முதலில் கவனிப்பவர் பல வீடுகளில் கிளீனர்தான்.

டிசம்பர் கடைசியில் ஏன் யாருமே கிடைப்பதில்லை?

ஆண்டு பிறக்கும் முன் வீட்டைச் சுத்தம் செய்து, அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட வேண்டும் என்பது ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம். நம் போகி போலத்தான், எரிப்பது மட்டும் இல்லை. இதோடு ஹோக்மனே எனப்படும் டிசம்பர் 31 கொண்டாட்டத்துக்கு வாடகைக்குப் போன வீடுகளும் சேர்ந்துகொள்ளும். இங்கிலாந்தில் ஜனவரி 1 மட்டும் விடுமுறை, இங்கே ஜனவரி 2-ம் விடுமுறை. நவம்பர் தொடக்கத்திலேயே நாள் குறித்துவிடுங்கள்.

ஜன்னல் துடைப்பவருக்கு உரிமம் வேண்டுமாமே?

1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விரும்பும் கவுன்சில் ஜன்னல் துடைப்பவரிடம் உரிமம் கேட்கலாம். வீட்டுக்குள் வேலை செய்யும் கிளீனருக்கு அப்படி எதுவும் இல்லை. கவுன்சிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மாணவர் விசாவில் இருக்கிறேன். வார இறுதியில் இங்கே வந்து சுத்தம் செய்து சம்பாதிக்கலாமா?

தமிழ் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது. ஒரு நிறுவனம் உங்களை ஊழியராகச் சம்பளப் பட்டியலில் எடுத்தால், பட்டப்படிப்பு மாணவர் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். சொந்தத் தொழிலாகச் செய்யக் கூடாது. வீட்டுக்காரரிடம் நேரே பேசிக் கையில் காசு வாங்கினால் ஒரு மணி நேரமானாலும் விதிமீறல்தான். "சுயதொழில் என்று பதிவு செய்துகொண்டு வா" என்று சொல்லும் முதலாளிகளிடம் போகாதீர்கள். மாட்டினால் விசா போவது உங்களுக்கு.

வேலை சரியில்லை. என்ன செய்வது?

அன்றைக்கே படம் எடுத்து, எது விட்டுப்போனது என்று தெளிவாகச் சொல்லி, வந்து சரிசெய்யக் கேளுங்கள். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். இல்லையென்றால் மறுபடி செய்து தரச் சொல்லலாம், அது முடியாதபோது விலையைக் குறைக்கக் கேட்கலாம். அதுவும் தோற்றால் 5,000 பவுண்டு வரையான வழக்குகளுக்கு ஷெரிஃப் நீதிமன்றத்தில் எளிய நடைமுறை உண்டு, வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். ஆனால் இரண்டு மணி நேரக் கூலிக்காக பெர்த் வரை போய் வருவது பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது. இந்த ஊரில் அவரை நாளைக்கே கடையில் பார்ப்பீர்கள். முதலில் நேரில் பேசுங்கள்.